பொடுதலைக்கு என்ன ஆச்சு? வாசல் தரைக்கொடியின் கோளாறுகளும் கைவைத்தியமும்

எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது வேரோடு சாய்ந்தது. அதுவரை நிழலில் குளிர்ந்து கிடந்த இடத்தில் வெயில் கொட்டத் தொடங்கியது. சரி, புல்வெளி போடலாம் என்று கொரியன் புல் பதித்தோம். கோடையில் தினம் தண்ணீர், மாதம் ஒருமுறை வெட்டு, நடுவே உரம். மூன்று கோடைதான் தாக்குப்பிடித்தோம். புல்லும் தோற்றது, நாங்களும் தோற்றோம். அப்புறம்தான் பொடுதலை.

அதையும் நாற்றங்காலில் காசு கொடுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டு ஆயா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "என்னா கண்ணு, இதுக்குப் போயி காசு குடுத்தியா? ஏரிக்கரைக்குப் போனா கூடை கூடையா கெடக்குதே!" உண்மைதான். பெருமாள் ஏரிக் கரையிலும் ஊசுடு ஏரி ஓரத்திலும் நெல் வயல் வரப்பிலும் மிதிபட்டுக் கிடக்கிற செடி. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச ஆயா பறித்துவருவதும் இதைத்தான்.

வருடக்கணக்கில் வாழும் கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு படரும். வெயில், உவர் மண், சில நாள் வெள்ளம், சில வாரம் வறட்சி எல்லாவற்றையும் தாங்கும். ஏரிக்கரையில் யாரும் கவனிக்காமல் செழிக்கிற செடி வீட்டு வாசலில் சாகிறது என்றால், பெரும்பாலும் நாம் ஏதோ கூடுதலாகச் செய்திருக்கிறோம். ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் குழாயைத் திறக்கும் முன் மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் குழாயை மறந்துவிடுங்கள்.

முதலில்: உங்களிடம் இருப்பது பொடுதலைதானா?

சில நாற்றங்கால்களில் தரைக்கொடி கேட்டால் மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியாவைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். தடித்த பளபளப்பான இலை, குட்டிச் சூரியகாந்தி போலப் பூ. அது தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருப்பது. வாய்க்கால் ஓரம் போய்விட்டால் மற்றதை எல்லாம் மூடிவிடும். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் இந்த வழிமுறை உங்களுக்குப் பொருந்தாது. பிடுங்கிவிட்டு வாருங்கள்.

பொடுதலையின் இலை சிறிய கரண்டி வடிவம். எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். அடிப்பாதி விளிம்பு மழமழவென்றும் நுனிப்பாதி ரம்பப் பல்லாகவும் இருக்கும். பூங்கொத்து நீண்ட காம்பின் உச்சியில் குட்டித் திப்பிலி போல நிற்கும். அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பொடிப்பூக்கள் ஒரு வளையமாக மலரும். வளையம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். நீர்த்திப்பிலி என்ற பேர் வந்தது இதனால்தான்.

நட்ட தண்டு வேர் பிடிக்காமல் காய்கிறது

எந்த மாதம் நட்டீர்கள்? சித்திரை, வைகாசி என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வேரில்லாத தண்டு மண்ணில் நிற்காது. ஆடி பிறந்து நாலு மழை கண்டபின் நடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் இறங்கிவிடும்.

மாதம் சரி, அப்படியும் காய்கிறது என்றால், ஒரு தண்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கணு மண்ணுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். இந்தச் செடியில் வேர் கணுவிலிருந்துதான் பெரிதும் இறங்கும். ஒரு சாண் நீளத் தண்டில் மூன்று நான்கு கணுவாவது இருக்கட்டும். இரண்டு கணுவை மண்ணுக்குள் படுக்கவைத்து, மேலே மண் தள்ளி, குதிகாலால் ஒரு அழுத்து. செங்குத்தாகக் குச்சி நடுவது போல நடுகிறவர்கள் பாதியை இழப்பார்கள். முக்கால் அடிக்கு ஒன்று என்று நட்டால் ஒரு மழைக்காலத்தில் தரை மூடிவிடும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கடலோர மணலில் வேறொரு சிக்கல். ஊற்றிய தண்ணீர் கண்முன்னே இறங்கிவிடும். அங்கே மக்கிய சாண எருவையும் மக்கிய தென்னைநார்க் கழிவையும் மேல் நாலு விரல் மண்ணில் கலந்துவிட்டு நடுங்கள். மக்காத நார்க்கழிவு வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். முதல் மூன்று வாரம் தினம் ஒருவேளை தண்ணீர், அதன்பின் படிப்படியாகக் குறையுங்கள். கேப்பர் மலைச் செம்மண் அடித்த மனை என்றால் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் லாரி ஏறி இறங்கி இறுகிப்போன செம்மண்ணைக் கடப்பாறையால் ஒருமுறை கிளறாமல் நடாதீர்கள்.

இலை மஞ்சளாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். மஞ்சள் என்றதும் யூரியாவைத் தூவுகிறார்கள். முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

கீழே இருக்கும் முதிர்ந்த இலை முழுசாக வெளிறி, செடியும் குன்றியிருந்தால் அது பசி. மணல் மண்ணில் சாதாரணம். சலித்த எருவை அரை விரல் கனம் தூவித் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தெளியும். யூரியா போட்டாலும் தெளியும், ஆனால் கொழுத்து வளர்ந்து வேறு வம்பில் கொண்டுபோய் விடும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நுனியில் இருக்கும் இளசான இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. மண்ணில் சுண்ணாம்பு கூடினால் இப்படி ஆகும். முத்தியால்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் ஒரு விநோதம் பார்த்தேன். தரை முழுக்கப் பச்சை, மதிலோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு எலுமிச்சை நிறத்தில் ஒரு பட்டை. என்னென்னவோ மருந்து அடித்து ஓய்ந்திருந்தார். கைக்கொத்தால் தோண்டினால் இரண்டு விரல் ஆழத்தில் வெள்ளைக் கட்டிகள். பழைய மதிலின் சுண்ணாம்புக் காரையை இடித்தபோது அங்கேயே புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கட்டியில் நாலு சொட்டு வினிகர் விட்டேன், சோடா போல நுரைத்தது. வேறு சோதனை தேவையே இல்லை. பழைய வீடுகளிலும் சிமென்ட் வேலை நடந்த புது வீடுகளிலும் கிளிஞ்சல் தூள் கலந்த கடற்கரை மணலிலும் இந்தக் கதை நடக்கும்.

உடனடி வைத்தியம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு). லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு அரை எலுமிச்சம்பழச் சாறு. வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் விட்டு இன்னொரு தடவை. எச்சரிக்கை: அன்னபேதிச் சொட்டு டைல்ஸ் மேலோ சிமென்ட் தரை மேலோ விழுந்தால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. எங்கள் வாசற்படியில் இரண்டு பழுப்புப் புள்ளி இன்றும் சாட்சி. நிரந்தர வைத்தியம் என்றால் அந்தக் காரையைத் தோண்டி அள்ளிவிட்டுச் செம்மண்ணும் எருவும் போடுவதுதான். நாத்தனார் இரண்டு அன்னக்கூடை அள்ளினார். மறு மழைக்காலத்துக்குள் அந்தப் பட்டை மறைந்துவிட்டது.

இலை மஞ்சளோடு தண்டும் மெத்தென்று இருந்தால் இந்தப் பகுதியை விட்டு, கீழே 'வட்டம் வட்டமாகச் சாகிறது' என்ற பகுதிக்குப் போங்கள்.

இலை ஓரம் கருகி, மண் மேல் வெள்ளை பூக்கிறது

உப்பு. கடலோர வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருப்பது புதிதில்லை. பொடுதலை அதைத் தாங்கும். அது தாங்காதது, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்குவதை. இன்னொரு குற்றவாளி ஆர்.ஓ. கழிவு நீர். வீணாகப் போகிறதே என்று குழாயை நேராகச் செடிக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

தினம் தெளிப்பதை நிறுத்திவிட்டு, மணலில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, செம்மண்ணில் வாரம் ஒருமுறை, அரை அடி ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். உப்பு கீழே இறங்கும். மாடியில் விழும் மழைத் தண்ணீரை ஒரு பருவம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் இன்னும் நல்லது. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புது இலையைப் பார்த்துத்தான் குணமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் வட்டம் வட்டமாகச் சாகிறது

தண்ணீர் நின்றதால் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது இல்லை. இது ஏரிக்கரைச் செடி, நாலு நாள் முங்கிக் கிடந்தாலும் எழுந்துவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்போது தென்பெண்ணை ஓரம் இருக்கும் என் மச்சான் வீட்டில் வாசலுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. வடிந்தபின் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். செடி போனது என்று மண்வெட்டியை எடுத்துவிட்டார். "மச்சான், பத்து நாள் பொறுங்க" என்று தடுத்தேன். காய்ந்து வெடித்த வண்டலைக் கைமுள்ளால் உடைத்து மட்டும் விட்டோம். அந்த வெடிப்புகள் வழியாகவே தளிர் வந்தது. வண்டல் மூன்று விரலுக்கு மேல் இருந்தால் அப்படி விடக்கூடாது. மேல் கனத்தை வழித்துவிட்டுத் தண்டுகளை மேலே இழுத்துவிட வேண்டும்.

அப்படியானால் வட்டமாகச் சாவது எது? விடியற்காலையில் போய்க் குனிந்து பாருங்கள். சாகும் வட்டத்தின் விளிம்பில் இலையை விலக்கினால், தண்டின் அடியில் பஞ்சு நூல் போல வெள்ளைப் படலம். அதில் ஒட்டிக்கொண்டு கடுகு போல உருண்டைகள். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. பார்த்தால் ஏதோ பூச்சி முட்டை என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே பூஞ்சை, ஸ்கிலரோஷியம். நம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களுக்குப் பழக்கமான ஆள், அங்கே தண்டழுகல் கொண்டுவருவதும் இதே பூஞ்சைதான். அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

செய்ய வேண்டியது: செத்த வட்டத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் பச்சையையும் இரண்டு விரல் மண்ணோடு சேர்த்து வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தை வெயில் படத் திறந்து விடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்று வேளாண் மருந்துக் கடைகளில் பொடி கிடைக்கும். ஈரமான மக்கிய எருவில் கலந்து நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து அந்தப் பள்ளத்திலும் சுற்றியும் போடுங்கள். உதிர்ந்த சருகைத் தடிமனாகத் தேங்க விடாதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் மெத்தை. மாலையில் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். பள்ளத்தை மூடுவது சுற்றியுள்ள கொடியின் வேலை, இரண்டு மாதத்தில் அதுவே வந்துவிடும்.

வழுக்கை விழுகிறது, ஆனால் அழுகல் இல்லை

வழுக்கையின் வடிவம் காரணத்தைச் சொல்லிவிடும்.

இணையாக இரண்டு கோடு என்றால் ஸ்கூட்டர். ஒற்றை வளைந்த கோடு என்றால் வாசலிலிருந்து குழாய்க்குப் போகும் உங்கள் கால்தடம். பொடுதலை எப்போதாவது மிதிப்பதைப் பொறுக்கும், தினசரிப் போக்குவரத்தைப் பொறுக்காது. மருந்து, உரம் எதுவும் உதவாது. கடப்பைக் கல் நாலு வாங்கி, இடையில் நாலு விரல் சந்து விட்டுப் பதித்துவிடுங்கள். சந்தில் கொடி ஓடி வரும், பார்க்கவும் அழகு.

நடுவில் வைக்கோல் போலக் கருகி, சுற்றி வளையமாகக் கரும்பச்சையில் செழித்திருந்தால் நாய். சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் நடுவில் எரிக்கும், ஓரத்தில் உரமாகும். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தப்பும்.

வடிவமே இல்லாமல், மேலே பச்சையும் கீழே மரம் போன்ற வெற்றுத் தண்டுமாக இருந்தால் செடிக்கு வயதாகிவிட்டது. நாலைந்து வருடத்தில் வரும். ஆடியில் புல் வெட்டியாலோ கதிர் அரிவாளாலோ தரைக்கு இரண்டு விரல் உயரம் விட்டு மொட்டையடித்து, சலித்த எருவை மண்ணோடு கலந்து அரை விரல் தூவி, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம் பார்க்கச் சகிக்காது. வீட்டில் திட்டு விழும், காதில் வாங்காதீர்கள்.

உயர்ந்து வளர்கிறது, பூ இல்லை

வெயிலில் பொடுதலை ஒன்றிரண்டு அங்குலத்துக்கு மேல் எழாது, பூக்காம்பு கொஞ்சம் கூட. முழங்கால் நோக்கி எழுந்து, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, பூவும் இல்லையென்றால் நிழல் அல்லது யூரியா. முன்பு சொன்ன வம்பு இதுதான். உரத்தை நிறுத்தி ஒருமுறை வெட்டிவிட்டால் யூரியாக் கொழுப்பு அடங்கும். நிழலுக்கு வைத்தியம் இல்லை. அரைநாள் வெயிலாவது வேண்டும். மாமரத்தடியில், மதிலின் வடக்கு நிழலில் இதோடு மல்லுக்கட்டாமல், ஈரம் இருக்கிற இடமென்றால் வல்லாரை வையுங்கள்.

நடுவே கோரை

இதற்கு எளிய பதில் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். களைக்கொல்லி அடித்தால் பொடுதலையும் சேர்ந்து போகும். பிடுங்கினால் தாள்தான் கையோடு வரும், கிழங்கு உள்ளே நின்று மறுபடி முளைக்கும். குளியல் பொடிக்கு அரைக்கிறோமே, அதே கோரைக்கிழங்கு. ஒன்றோடொன்று சரம் கோத்த கறுப்பு மணி போல மண்ணுக்குள் ஓடும்.

நடும் முன்பே சுத்தம் செய்வதுதான் பாதி வெற்றி. இடத்தை நனைத்து, முளைக்கவிட்டு, ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்கள். மீண்டும் நனைத்து, மீண்டும் பொறுக்குங்கள். மூன்று சுற்றாவது வேண்டும். கோடையில் கண்ணாடி பாலித்தீனை இழுத்துக் கட்டி மண்ணை வேகவைக்கும் முறை மற்ற களை விதைகளுக்கு நல்லது, கோரை அந்தத் தாளையே குத்திக்கொண்டு வரும். நட்டபின் வந்துவிட்டால், மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது பழைய ஸ்க்ரூ டிரைவரைப் பக்கவாட்டில் இறக்கி, நெம்பி, கிழங்கோடு எடுங்கள். வாரம் அரைமணி. நாலு இலைக்கு மேல் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு வருடத்தில் கிழங்கு இளைத்துவிடும். நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இலையை யாரோ தின்கிறார்கள்

முள்முள்ளாகக் கறுத்த புழு என்றால் மயில் வசீகரன் பட்டாம்பூச்சியின் குழந்தையாக இருக்கலாம். பொடுதலை அதற்கு உணவுச்செடி. விட்டுவிடுங்கள். அது தின்கிற வேகத்தைவிடச் செடி வளர்கிற வேகம் அதிகம். சுவரோரம் வெயிலில் வெள்ளைப் பஞ்சும் எறும்புச் சாரையும் கண்டால் மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மிஞ்சியதற்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் போதும். எண்ணெய் காய்ச்ச இலை பறிக்கும் வீடு என்றால் வீரியமான பூச்சிமருந்து எதையும் இதன் பக்கம் கொண்டுவராதீர்கள்.

பூக்கும் நாளில் கொம்புத்தேனீயும் மற்ற தேனீயும் மொய்க்கும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் விளையாடும் பகுதியை மட்டும் பூக்க விடாமல் வெட்டிவாருங்கள். மற்ற இடம் தேனீக்கு.

எல்லை தாண்டுகிறது

தாண்டும். ஆஸ்திரேலியாவில் ஆற்றுச் சமவெளிகளில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிப் பெரிய களையாகிப்போனது இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று. இங்கே இது நம் மண்ணின் செடி, அவ்வளவு அட்டகாசம் இல்லை. ஆனாலும் பூச்சட்டிக்குள்ளும் கல் சந்துக்குள்ளும் அண்டை வீட்டுக் கீரைப்பாத்திக்குள்ளும் ஓடத்தான் செய்யும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் ஓரத்தை நேர்கோட்டில் வெட்டி, அறுபட்ட துண்டைக் கையோடு அள்ளிவிடுங்கள். அப்படியே விட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

வெட்டியதில் இலை நல்லதாக இருப்பதை ஆயா எடுத்துக்கொள்வார். மிச்சத்தைச் சிமென்ட் சாக்கில் கட்டி மாடியில் காயப்போடுவது என் வழக்கம். போன ஐப்பசியில் ஒரு சாக்கை எடுக்க மறந்துவிட்டேன். கார்த்திகையில் துணி எடுக்கப் போனபோது, சாக்கின் கிழிசல் வழியாக ஒரு முழக் கொடி இறங்கி, மொட்டைமாடி மூலையில் சேர்ந்திருந்த புழுதியில் வேர் விட்டுப் பூத்திருந்தது.